ஒன்பது மணி ஆராதனை

எங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை காலை ஒன்பது மணிக்குத்தான். யார் வைத்த நேரம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரத் துரைமார் ஆறுதலாக எழும்பி, குளித்து, சாப்பிட்டு, குதிரையில் வந்து சேர வசதியாக வைத்த நேரம் என்று என் கணவர் கிண்டலாகச் சொல்வார். துரைமார் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. நேரம் மட்டும் அப்படியே இருந்தது. நாங்களும் அதை வேதத்தில் எழுதியிருப்பதுபோலக் காத்துவந்தோம்.

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் வீதியில், ஒரு தோட்டத்தின் எல்லையில் இருக்கிறது ஆலயம். கருங்கல் சுவர், தகரக் கூரை, ஐம்பது பேர் உட்காரலாம். வலப்பக்க ஜன்னலைத் திறந்தால் தேயிலை மலை. கீழே இறங்கினால் நான்கு லயம், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள். ஆனால் ஆராதனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வந்து இறங்குகிறவர்கள்தான். என்னைப்போல ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கடைக்காரர்கள், வங்கியில் வேலை செய்கிற ஒருவர், தோட்டத்து உத்தியோகத்தர் குடும்பம் இரண்டு. லயத்திலிருந்து வருகிறவர்கள் வேலையை விட்டு நின்ற நாலைந்து கிழவர்கள் மட்டும். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கைக்காசு. அதாவது, நாட்சம்பளத்துக்குப் பேர் போடாமல், பறித்த கொழுந்தை நிறுத்து அந்த அளவுக்குக் கூலி கொடுக்கிற நாள். காலை ஏழரைக்கு மலை ஏறினால் இரண்டு மணிக்கு மேல்தான் இறங்குவார்கள். நாங்கள் உள்ளே பாடிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே முப்பது பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருப்பார்கள். பல வருஷமாக அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். ஆராதனை நேரத்தில் மலை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்ததைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றியதில்லை.

என் கணவர் அந்தச் சபையின் உபதேசியாராக இருந்தவர். போதகர்மார் வருவார்கள், போவார்கள். உபதேசியார் அங்கேயே கிடப்பார். வெயில் மழை பாராமல் லயம் லயமாக ஏறி இறங்கி, சாவு வீட்டிலும் பிள்ளை பிறந்த வீட்டிலும் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, ஜெபம் செய்து வருவார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சோறு ஆக்கி வைத்தால் அது ஆறிப்போகும். அதற்காக நான் போட்ட சண்டைகளை எண்ணினால் ஒரு புத்தகம் எழுதலாம்.

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். உயிர் தப்பியது, வலது கையும் பேச்சும் போய்விட்டன. வாயில் மிஞ்சியவை இரண்டு சொற்கள்: ஆமா, போ. தண்ணீர் வேண்டுமென்றாலும் போ. என்னைக் கூப்பிடுவதும் போ. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன் என்னைப் பார்த்து ஆசையாக “போ” என்றால் நான் என்ன செய்ய? பாதி நாள் சிரித்தேன். மீதி நாள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆனால் அவர் பாடினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்து அவரை ஆட்டோவில் ஏற்றி ஆலயத்துக்குக் கொண்டுபோனேன். ஆர்மோனியம் தொடங்கியது, எல்லாரும் எழுந்து நின்றார்கள், நானும் நின்றேன். பக்கத்தில் கீழே இருந்து ஒரு குரல் வந்தது. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரு சொல் பிசகவில்லை. எனக்குப் பாட்டு நின்றுபோய்விட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளினிக் டாக்டரிடம் சொன்னபோது, மூளையில் பேச்சு இருக்கிற இடம் வேறு, பாட்டு இருக்கிற இடம் வேறு, சிலருக்கு இப்படி வரும் என்றார். எனக்கு விளக்கம் எதற்கு? கிழமைக்கு ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம், என் வீட்டுக்காரரின் குரல் எனக்குக் கிடைத்தது.

வீட்டில் பாடமாட்டார். நான் தொடங்கினால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஆர்மோனியமும் நாற்பது பேர் எழுந்து நிற்கிற சத்தமும் இருந்தால்தான் அந்த வாய் திறக்கும். அதுவும் காலையில்தான். மத்தியான மருந்து உள்ளே போனால் கண் சொருகிவிடும். மூன்று மணிக்கு மேல் அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான் புதிய போதகர் வந்தார். முப்பது வயதுகூட ஆகாதவர். அப்புத்தளைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா இப்போதும் கொழுந்து பறிக்கிறாராம். பிரசங்கம் செய்யும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பேசுவார். அது எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு ஒருநாள் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் விஷயத்தை உடைத்தார். நான் குழுவின் செயலாளர். எழுதுவதற்குப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

“ஆராதனைய பின்னேரம் நாலு மணிக்கு மாத்துவோம்” என்றார். “ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முப்பது பேர் நிக்கிறாங்க. நாம உள்ள இருந்துகிட்டு வாங்க வாங்கன்னு பாடுறோம். வர முடியாத நேரமாப் பாத்துக் கூப்பிடுறோம்.”

அவருக்கு எங்களோடு சேர்த்து மூன்று சபைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று இடத்திலும் ஓடவேண்டும். காலையும் மாலையுமாக இரண்டு ஆராதனை நடத்த அவரால் ஆகாது. இங்கே நாலு மணி என்றால், இந்த ஒன்பது மணியை இன்னொரு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவார். இரண்டில் ஒன்றுதான்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பொரிந்து தள்ளினார்கள். பிள்ளைகளுக்குப் பின்னேரம் டியூஷன். மழைக் காலத்தில் நாலு மணிக்கு மலை தெரியாது. ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை. வங்கியில் வேலை செய்கிறவர், “இருக்கிற ஆளையும் வெரட்டிட்டு வராத ஆளுக்குப் பாய் விரிக்கிறீங்க, ஃபாதர்” என்றார். கோபம் வந்தால் அவர் போதகரை ஃபாதர் என்பார். எனக்கு வந்த கோபம் அவர்கள் எல்லாருடைய கோபத்தையும்விடப் பெரியது. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? லயத்து ஜனங்கள் சுவிசேஷம் கேட்காமல் போனாலும் பரவாயில்லை, என் புருஷன் பாடவேண்டும் என்று சொல்ல முடியுமா? அதுவும் அவருடைய பெண்டாட்டி, அந்த லயங்களில் தேய்ந்துபோன செருப்புகளை மாற்றி மாற்றி வாங்கிக் கொடுத்தவள், எழுந்து நின்று அதைச் சொல்வதா?

முதலில் லயத்தில் போய்க் கேட்டு வருவோம், பிறகு கை தூக்குவோம் என்று முடிவானது. போதகர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் தவறு செய்தோம். இரண்டு பேரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்படியிருந்தும் செய்தோம் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

வாசல் வாசலாக நின்று கேட்டோம்.

“ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு ஆராதன வச்சா வருவீங்களா?”

“வாரோங்க டீச்சர்.”

“கட்டாயமா வருவீங்களா?”

“கட்டாயம் வாரோங்க.”

ஒரு வாசலில்கூட மாட்டேன் என்ற சொல் வரவில்லை. இந்துக் குடும்பங்கள்தான் அதிகம். அவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நான் கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன். இருபத்தேழு பேர். போதகரின் முகம் ஒவ்வொரு வாசலிலும் விரிந்துகொண்டே போனது.

கடைசி லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். மொனராகலைப் பக்கத்திலிருந்து இங்கே கலியாணம் முடித்து வந்தவள். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். உள்ளே சுவரில் முருகன் படம் மாட்டியிருந்தது. அவள் மட்டும்தான் எங்களைத் திருப்பிக் கேள்வி கேட்டாள்.

“பாட்டும் இருக்குமாங்க?”

“இருக்கும்மா. ஏன் கேக்குற?”

“மலையில நிக்கிறப்ப ராகம் வருதுங்க டீச்சர். வார்த்த வந்து சேர மாட்டேங்குது. ஒரு ஆம்பளக் கொரல் இருக்கில்லீங்க, எல்லாத்துக்கும் மேல கேக்குமே, அதுதான் கொஞ்சம் வெளங்கும். மத்தது காத்தோட போயிருது. என்னாதான் பாடுறாங்கன்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டே இருக்கேங்க.”

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டு அவளுடைய பேரை எழுதினேன். அந்தக் குரல் யாருடையது என்று நான் சொல்லவில்லை.

கை தூக்குகிற நாள் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மூன்று நாலு கை சேரும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் நாலு மணிக்குக் கை தூக்கினேன். பக்தி என்று யாரும் நினைக்கவேண்டாம். அவர் நல்லபடியாக இருந்திருந்தால் இரண்டு கையையும் தூக்கியிருப்பார். அவருக்கு இருந்தது ஒரு கை, அதுவும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவருடைய கையைத்தான் நான் தூக்கினேன். என்னுடையது மடியில் கிடந்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஆர்மோனியம் வாசிக்கிற அம்மா என் தோளைத் தொட்டு, “வீட்டுக்காரர நெனச்சுப் பாத்தீங்களா டீச்சர்?” என்று கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஜூன் மாதம் முதல் ஞாயிறு நாலு மணி ஆராதனை தொடங்கியது. கச்சான் காற்று தகரத்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. லயத்திலிருந்து இருபத்து நாலு பேர் வந்தார்கள். குளித்து, ஈரத்தலையில் துண்டு சுற்றி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து, வாங்குகளில் உட்காரத் தயங்கி நின்றார்கள். போதகர் ஒவ்வொருவராகக் கையைப் பிடிக்காத குறையாக உட்காரவைத்தார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. இவ்வளவு நாளும் ஜன்னலுக்கு வெளியே பார்த்த முகங்கள் பக்கத்தில் இருந்தன.

என் கணவர் முதல் பாட்டுக்கு முன்னமே தூங்கிவிட்டார். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். பாட்டு எழும்பியபோது தோளைத் தட்டினேன். கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அன்றைக்குத் திருவிருந்தை அவர் வாயில் வைத்து விழுங்கவைக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது ஞாயிறு லயத்திலிருந்து பதினாறு பேர் வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு ஏழு. ஆகஸ்ட் மாதத்தில் ஒரே ஒருத்தி. மொனராகலைப் பெண்.

இதற்குள் எங்கள் பழைய ஆட்களும் கழன்றுவிட்டார்கள். வங்கிக்காரர் குடும்பத்தோடு பண்டாரவளையில் வேறொரு சபைக்குப் போனார். இன்னும் நாலு குடும்பம் அவருக்குப் பின்னால் போனது. டியூஷன் பிள்ளைகளின் அம்மாமார் ஒருவர் பின் ஒருவராக வராமல் நின்றார்கள். ஆர்மோனியம் வாசிக்கிற அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து வாசித்தார்.

போதகர் விடாமல் லயத்துக்குப் போய்க் கூப்பிட்டார். போகும்போதெல்லாம், “அடுத்த கெழம கட்டாயம் வாரோங்க” என்றார்களாம். அவர் அதை நம்பினார். நானும் கொஞ்ச நாள் நம்பினேன். கடைசியில் ஒருநாள் வீதியில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

“ஏன்டி ஒருத்தரும் வாரதில்ல?”

நெளிந்தாள். “நாலு மணிக்குத்தானேங்க டீச்சர் எங்களுக்குப் பீலியில தண்ணி மொற. கெழம பூராவும் போட்ட துணி கெடக்கும். வெறகும் பொறக்கணும். ஞாயித்துக்கெழம பின்னேரம் விட்டா வேற நேரம் ஏதுங்க?”

“அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. வாரோம் வாரோம்னு ஏன் சொன்னீங்க?”

என்னை அதிசயமாகப் பார்த்தாள். “நீங்க வந்து கேக்கறீங்க. மாட்டோம்னு எப்படிங்க சொல்றது?”

“சரி, எத்தன மணின்னா உங்களுக்கு வசதி?”

“நீங்க எப்ப சொன்னாலும் சரிங்க டீச்சர்.”

என் தலையை மதிலில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் படிப்பித்தவள் நான். அந்தப் பெண்களில் பாதிப் பேர் என்னிடம் அடி வாங்கினவர்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் துரை என்ன சொன்னாலும் சரிங்க, கணக்கப்பிள்ளை என்ன சொன்னாலும் சரிங்க என்று பழகின வாயிடம் போய், டீச்சரும் போதகரும் சேர்ந்து நின்றுகொண்டு, வருவீர்களா என்று கேட்டால் என்ன பதில் வரும்? அந்த ஜனத்தோடு பிறந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. எங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துக்கொண்டிருந்தபோது வேறு எதுவும் தோன்றவில்லை.

போதகரிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தார். “நமக்காக வந்திருக்காங்க டீச்சர்” என்றார். “மூணு கெழமயும் நமக்காகத்தான் வந்திருக்காங்க.”

அந்த ஒருத்தி மட்டும் வந்துகொண்டிருந்தாள். பீலிக்கு எப்போது போனாளோ, விறகு எப்போது பொறுக்கினாளோ, தெரியாது. மூன்றே முக்காலுக்கு வந்து எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பாட்டுப் புத்தகத்தில் விரலை வைத்து, அடி அடியாகத் தொடர்ந்து வருவாள்; நாங்கள் மூன்றாவது சரணத்துக்குப் போகும்போது அவள் முதலாவதிலேயே நிற்பாள். ஆராதனை முடிந்ததும், “டீச்சர், இந்த எடத்துல என்னாங்க சொல்றாங்க?” என்று கேட்பாள். நானும் சொல்லிக் கொடுப்பேன். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே மாணவி. நல்ல மாணவியும்கூட. ஒருமுறை சொன்னதை மறக்கமாட்டாள். சொற்களை வாய்க்குள் சொல்லிப் பார்க்கும்போது, இதுக்காகத்தானா இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்பதுபோல மெதுவாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கிற யாருக்கும் மனம் இளகும்.

எனக்கு இளகவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் சிரிக்கும்போது நான் மறுபக்கம் திரும்பி, தூங்கிக்கொண்டிருக்கும் என் கணவரைப் பார்ப்பேன். இவளுக்கு வார்த்தை கிடைத்தது, எனக்குக் குரல் போனது என்று நினைப்பேன். காணாமற்போன ஆட்டைத் தேடிப்போனதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். வெளியில் விடப்பட்ட மற்ற ஆடுகளுக்கு வந்த எரிச்சலைப் பற்றி ஒருவரும் பிரசங்கம் செய்ததில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வீட்டில் அவரை உட்காரவைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, நான் தனியாகப் பாடிப் பார்த்தேன். ஃபோனில் ஆர்மோனியம் போட்டுப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மற்றவர்கள் எங்கே என்று கேட்கிற பார்வை அது. மற்றவர்கள் பண்டாரவளைக்குப் போய்விட்டார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒக்டோபரில் மழை பிடித்தது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்தும் வெளியே இறங்க முடியாமல் நாங்கள் இருவரும் மொனராகலைப் பெண்ணும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“டீச்சர், அந்த ஆம்பளக் கொரல இங்க வந்த பெறகு கேக்கவே இல்லீங்க. அவரு வேற சர்ச்சுக்குப் போயிட்டாருங்களா?”

எனக்குள் எதுவோ அறுந்துவிட்டது. “அது இவருதான்” என்றேன். “காலையில மட்டுந்தான் பாடுவாரு. பேச வராது, பாட்டு மட்டும் வரும். நாலு மணிக்கு மாத்தின அன்னையோட அதுவும் போச்சு. போதுமா?”

அந்தக் கடைசிச் சொல்லை நான் சொல்லியிருக்கவேண்டாம். அவள் எதையும் கேட்கவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது. மழை விட்டதும் எனக்கு முன்னால் எழுந்து, அவருடைய காலடியில் விழுந்துகிடந்த துவாயை எடுத்து மடித்து மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். எல்லாம் முடிந்த பிறகு வாசலில் எனக்காக நின்றாள்.

“ஒம்போது மணிக்கே வச்சிருங்க டீச்சர்.”

“என்ன சொல்ற?”

“நான் ஒருத்திதானேங்க வாரேன். எனக்காக வேணாங்க. பழையபடி வச்சிருங்க.”

“அப்ப நீ எப்படி வருவே? அந்நேரம் மலையில நிப்பியே.”

“அதுக்கென்னாங்க, மலையிலயும் கேக்குந்தானே. இப்ப கொஞ்சம் வார்த்தயும் தெரியும்.”

“நெசமாத்தான் சொல்றியா?”

“நெசமாத்தாங்க டீச்சர்.”

அந்தச் சொல்லுக்கு என்ன பெறுமதி என்று அதற்குள் எனக்குப் பாடமாகியிருந்தது. இருபத்தேழு பேரிடம் அதைக் கேட்டு எழுதியவள் நான். மனதிலிருந்து வருகிறதா, எனக்குப் பயந்து வருகிறதா என்று துருவிக் கேட்டிருக்கலாம். வேண்டாம், நாலு மணிக்கே வா என்று ஒரே பேச்சில் முடித்திருக்கலாம். நான், “புதன்கெழம வீட்டுக்கு வா, மிச்சத்தச் சொல்லித் தாரேன்” என்றேன். சரிங்க என்றாள். வரவில்லை. வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

குழுவில் சொன்னேன். போதகர் பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்களே சொன்னாங்களா டீச்சர்?”

“அவளேதான் சொன்னா.”

“நாம கேக்காமலா?”

“கேக்காமத்தான்.”

அது உண்மைதான். எழுத்துப் பிசகாத உண்மை. போதகர் வைத்த நேரத்துக்கு லயத்தில் ஆளில்லை, சபையும் பாதியாகிவிட்டது. என்ன சொல்லி எதிர்ப்பார்? ஒன்பது மணியை வாங்கியிருந்த தோட்டத்துக்கு நாலு மணியை மாற்றிக் கொடுத்தார். அந்த நவம்பரில் அவர் மெலிந்து போயிருந்தார். அவருக்காகப் பாவப்பட்டேன். ஆனாலும் ஒன்பது மணி என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதும்போது என் கை ஓடியது.

டிசம்பர் முதல் ஞாயிறு பழையபடி ஒன்பது மணி ஆராதனை. போன குடும்பங்களில் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. வங்கிக்காரர் எல்லாருக்கும் கைகொடுத்தார். ஆர்மோனியம் வாசிக்கிற அம்மா நல்ல சேலையில் வந்திருந்தார். என் கணவருக்கு முதல்நாளே முகம் மழித்து, வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தேன். நல்ல விழிப்போடு இருந்தார். கிருபை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்தச் சொல்லை நினைக்க அன்று தகுதியில்லை.

பாட்டுத் தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் பாடாமல், கீழே குனிந்து, அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. அவர் நின்றுகொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரையும் அடையாளம் தெரியாமலில்லை. வங்கிக்காரரைப் பார்த்துத் தலைகூட அசைத்தார். வாய் திறக்கவில்லை. அடுத்த பாட்டுக்கும் திறக்கவில்லை. திருவிருந்துப் பாட்டுக்கும் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். கிறிஸ்மஸ் அன்றைக்கும் அப்படித்தான். கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டேன். பழக்கத்தில் இருந்தது இடையில் விட்டுப்போனால் சிலருக்குத் திரும்பாது என்றார். அல்லது நமக்குத் தெரியாமல் சின்னதாக இன்னொரு அடைப்பு வந்திருக்கலாம் என்றார். எது என்று அவருக்கும் தெரியாது. அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்துக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். எழும்பச் சொல்லும்வரை எழும்பவில்லை. யாரிடம் போய் என்ன கேட்பது? கடவுளிடம் கேட்கலாம் என்றால், முதலில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் அருகே முதல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக வீதியை மறித்து நின்றதால் ஆட்டோ நின்றது. வரிசையிலிருந்து அவள் என்னைப் பார்த்துவிட்டாள். தலையிலிருந்த சாக்கை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். கையெல்லாம் தேயிலைக் கறை. அவரைக் குனிந்து பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என்னைக் கேட்டாள்.

“டீச்சர், ஐயா இப்ப பாடுறாருங்களா? காத்து மாறி அடிக்குதா, மலையில ஒண்ணும் சரியாக் கேக்க மாட்டேங்குது.”

அவளுடைய கண்ணில் அவ்வளவு ஆசை. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாடுறாரும்மா” என்றேன். “எல்லாப் பாட்டும் பாடுறாரு.”

“அப்பாடா” என்றாள். “அது போதுங்க டீச்சர்.”

கணக்கப்பிள்ளை அவளுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்தாள். வழி விட்டதும் ஆட்டோக்காரர், “போகலாங்களா?” என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. கையைக் காட்டினேன்.